முறைப்பாடு கொடுக்கப் போகிறவருக்கு

வணக்கம். கோணேசரையும் கோயிலையும் கேவலப்படுத்திய முகநூல் பதிவொன்றை நண்பர்கள் அனுப்பினார்கள். பார்த்துவிட்டு அம்மா அழுதுவிட்டா. ஐ.சி.சி.பி.ஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தில் முறைப்பாடு கொடுத்தால் பிணையே கிடைக்காதாம். கொடுக்கலாமா? கருத்துச் சுதந்திரத்துக்கு எல்லை எது? வெளிநாடுகளில் எப்படி? பொதுபல சேனாவின் ஞானசார தேரரையே தண்டித்தார்கள்தானே?
– உவர்மலை வாசகர்

அன்புள்ள தம்பி,

அம்மாவின் அழுகையைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். கும்பிடுகிற மனிசருக்கு அது நெஞ்சில் விழுந்த அடிதான். ஆனால் 'பிணையே கிடைக்காதாம்' என்று ஆசையோடு எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நாளாக அந்தப் பிணைப் பிரிவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் ஐ.சி.சி.பி.ஆர் சட்டம், அதாவது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், அதன் 3ஆம் பிரிவு மதத்தைப் பழிப்பதைப் பற்றியதே அல்ல. பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ ஆட்களைத் தூண்டும் அளவுக்கு இன, மத வெறுப்பைப் பரப்புவதுதான் அங்கே குற்றம். 10 வருடம் வரை கடூழியச் சிறை. மத உணர்வைப் புண்படுத்துவதற்குத் தண்டனைச் சட்டக்கோவையில் 291அ, 291ஆ என்று தனிப் பிரிவுகள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஒரு வருடம் வரை, மற்றதற்கு இரண்டு வருடம் வரை. அப்படியிருக்க ஏன் பெரிய சட்டத்தைத் தூக்குகிறார்கள்? 3(4)ஆம் உபபிரிவுக்காகத்தான். அதன்படி நீதவான் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம் மட்டுமே கொடுக்கலாம், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலை என்று காட்டினால்.

இது நடக்கும் விதத்தைப் பாருங்கள். பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் 'பி அறிக்கை'யில் '3ஆம் பிரிவு' என்று ஒரு வரி எழுதுகிறது. பதிவில் ஒன்றுமில்லை என்று நீதவானுக்குத் தெரிந்தாலும் அவரால் பிணை கொடுக்க ஏலாது. 14 நாள் விளக்கமறியல், பிறகு இன்னொரு 14. வீட்டார் பி அறிக்கையின் சான்றுப்படுத்திய பிரதி எடுத்து, சத்தியக் கடதாசி முடித்து, மேல் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். சட்டமா அதிபர் தரப்புக்கு அறிவித்தல் போகும், ஆட்சேபனைக்குத் தவணை கேட்பார்கள், தவணை தள்ளிப் போகும். வழக்குத் தொடரலாமா என்ற ஆலோசனைக்கு வழக்குக் கோவை கொழும்பில் காத்துக்கிடக்கும். குற்றப்பத்திரிகை வராமலே தண்டனை அனுபவித்து முடிந்துவிடும்.

ஒரு சிறுகதைக்காக, பிக்குகளின் முறைப்பாட்டில், சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவை 2019 ஏப்ரல் 1ஆம் திகதி பிடித்தார்கள். ஓகஸ்ட் வரை உள்ளே. 2021 பெப்ரவரியில், வழக்கு இல்லை என்று விடுவித்தார்கள். முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பை எழுத்தால் எதிர்க்கச் சொன்ன ரம்சி ராசிக் 2020 ஏப்ரலில் போய் செப்டெம்பரில்தான் வெளியே வந்தார். அவருடைய உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023 நவம்பர் ஆனது.

அவ்வளவு தூரம் ஏன்? 2024 மே மாதம் நம்முடைய மாவட்டத்துச் சம்பூரில், போரில் இறந்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்த பெண்களையும் இதே சட்டத்தைக் காட்டித்தான் மறியலில் போட்டார்கள். தடையுத்தரவு இருந்தது உண்மை. தடையுத்தரவை மீறியதற்கு அதற்குரிய நடவடிக்கை எடுக்கலாமே. கஞ்சியில் என்ன மத வெறுப்பு? அந்தச் சட்டத்தையா தம்பி, திருகோணமலையில் இருந்துகொண்டு நீங்கள் கூர்தீட்டிக் கொடுக்கப் போகிறீர்கள்? 2005இல் சந்தைப் பக்கம் ஒரு புத்தர் சிலை, 2025 நவம்பரில் கடற்கரையில் ஒன்று. அவற்றை வைத்த விதத்தைக் கேள்வி கேட்டு நீங்கள் நாலு வரி எழுதினால், அதைக் கொண்டுபோய்க் கொடுக்க அங்கேயும் ஒரு தம்பி இருப்பார். அவருடைய அம்மாவும் அழுதிருப்பா.

வெளிநாட்டுக் கதையை விடுங்கள். இங்கிலாந்து 2008இல் தெய்வ நிந்தனைக் குற்றத்தை நீக்கியது, பாகிஸ்தானில் மரணதண்டனை வரை இருக்கிறது. நம்முடைய பி அறிக்கைக்கு இரண்டாலும் பயனில்லை. ஞானசார தேரர் 2016இல் இஸ்லாத்தைப் பழித்துப் பேசியதற்கு 2025 ஜனவரியில் ஒன்பது மாதத் தண்டனை. அவருக்கு எட்டு வருடத்துக்கு மேல் ஆறுதலாக நடந்த சட்டம் மற்றவர்களிடம் என்ன வேகத்தில் போனது என்று மேலே பார்த்தீர்கள்.

எல்லையைக் கேட்டீர்கள். ஐ.நா.வின் ரபாத் செயற்திட்டம் ஆறு விஷயம் பார்க்கச் சொல்கிறது: சூழல், பேசியவரின் செல்வாக்கு, நோக்கம், உள்ளடக்கம், பரவல், ஆபத்து எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பது. 'கோணேசர் வெறும் கல்' என்பது பழிப்பு. அதற்குப் பதில் எழுதுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். 'வெள்ளிக்கிழமை எல்லாரும் வாருங்கள், தேரை மறிப்போம்' என்பது வேறு. அப்படியென்றால் அன்றைக்கே பொலிஸுக்குப் போக வேண்டும். முழு இணைப்பு, கணக்கின் பெயர், திகதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுங்கள். கீழே உள்ள பின்னூட்டங்களையும் எடுங்கள், 'நானும் வாறன்' என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்பதில்தான் ஆபத்தின் கிட்டம் தெரியும். 'பாருங்கள் அநியாயத்தை' என்று நீங்களே பகிர்ந்துவிடாதீர்கள், பரவல் உங்களாலேயே கூடிவிடும். நடந்ததை மட்டும் சொல்லுங்கள், எந்தச் சட்டம் என்று நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் எழுதச் சொல்லி, முழுக்க வாசித்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.