இருபது வயது ஸ்போர்ட்ஸ் கார்: கேள்வி – பதில்

பதினைந்து, இருபது ஆண்டு பழைய சொகுசு ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஒரே மாடலில் இரண்டு கார்கள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 20 ஆண்டில் 22,000 கி.மீ. மட்டுமே ஓடியது, ஆனால் சர்வீஸ் பில் அதிகம் இல்லை. மற்றது 1,30,000 கி.மீ. ஓடியது, பில்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. எதை வாங்கலாம்?

பதில்: இரண்டாவதை. கார் ஷெட்டில் நின்றாலும் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆயில் சீல் காய்ந்து இறுகும், கூலன்ட் ஹோஸ் உள்பக்கமாக வெடிக்கும், பெட்ரோல் டேங்கில் பிசின் படியும், பிரேக் காலிப்பர் பிஸ்டன் துருவேறி மாட்டிக்கொள்ளும். நிறுத்தியே வைத்திருந்த காரை வாங்கி ஓட்டத் தொடங்கினால், முதல் ஆண்டிலேயே இவை ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

பில்களைப் புரட்டும்போது எத்தனை சர்வீஸ் என்று எண்ணுவதை விட, என்னென்ன பாகம் மாற்றினார்கள் என்று படியுங்கள். வாட்டர் பம்ப், ரேடியேட்டர், இக்னிஷன் காயில், சஸ்பென்ஷன் ஆர்ம் என்று பெயர் சொல்லி எழுதிய பில்தான் பில். 'ஜெனரல் சர்வீஸ்' என்ற ஒரே வரி எதையும் நிரூபிக்காது.

பார்க்கப் போகும் நாளில், நீங்கள் வரும்வரை காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் திறந்து என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். செயின் சத்தம், நீலப் புகை, துடிக்கும் ஐடிலிங் எல்லாம் குளிர்ந்த என்ஜினின் முதல் அரை நிமிடத்தில்தான் தெரியும்.

அடுத்து, லீக்-டவுன் டெஸ்ட். சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து எத்தனை சதவீதம் கசிகிறது என்று அளப்பது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 20-ஐத் தாண்டினால் விலையைப் பற்றிப் பேசும் முன் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். காது கொடுத்துக் கேட்டால் காற்று எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். ஆயில் மூடி வழியாக வந்தால் பிஸ்டன் ரிங், சைலன்சர் வழியாக வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, கூலன்ட் டேங்கில் குமிழி கிளம்பினால் ஹெட் கேஸ்கட்.

கேள்வி: 2002-ஆம் ஆண்டு போர்ஷே 911 கரேரா வைத்திருக்கிறேன். 'ஐ.எம்.எஸ். பேரிங் போனால் என்ஜினே போய்விடும்' என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உடனே மாற்ற வேண்டுமா?

பதில்: பயத்துக்குக் காரணம் உண்டு, பதற்றம் வேண்டாம். உங்கள் கார் சேர்ந்த 996 வரிசையின் சாதாரண கரேராவிலும், போர்ஷேயின் அந்தக் கால பாக்ஸ்டரிலும், கிராங்கிலிருந்து கேம்ஷாஃப்ட் செயின்களை ஓட்டுவதற்கு நடுவே ஓர் இடைத் தண்டு (இன்டர்மீடியட் ஷாஃப்ட், சுருக்கமாக ஐ.எம்.எஸ்.) இருக்கிறது. அதன் ஒரு முனையைத் தாங்குவது, கிரீஸ் அடைத்து மூடிய பால் பேரிங். காலப்போக்கில் சீல் தளர்ந்து என்ஜின் ஆயில் உள்ளே போகும். கிரீஸ் கரைந்து வெளியேறும். ஆனால் அந்தச் சீல் இருப்பதாலேயே புது ஆயில் தாராளமாக உள்ளே போய் வரவும் முடியாது. பழைய ஆயிலில் ஊறியபடியே உருண்டைகள் தேயும். பேரிங் சிதைந்தால் தண்டு ஆடும், டைமிங் தப்பும், வால்வு பிஸ்டனில் அடிக்கும்.

இதே தலைமுறையின் டர்போ, ஜி.டி.3 கார்களில் இருப்பது வேறு என்ஜின். அவற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 2009 மாடலிலிருந்து வந்த புது என்ஜினில் அந்தத் தண்டே இல்லை. இடையில் சுமார் 2005 முதல் 2008 வரையிலான கார்களில் பேரிங் பெரியது, ஆயுளும் கூடுதல். ஆனால் என்ஜினை இரண்டாகப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது.

உங்கள் 2002 காரில் கியர்பாக்ஸை இறக்கினால் பேரிங்கை எட்டிவிடலாம். அதனால் கிளட்ச் மாற்றும்போது சேர்த்துச் செய்வதே புத்திசாலித்தனம். கிராங்கின் பின்பக்க ஆயில் சீலையும் அப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள். கிராங்கையும் கேம்ஷாஃப்டுகளையும் பூட்டி, செயின் டென்ஷனர்களைத் தளர்த்திய பிறகுதான் பேரிங் மூடியைக் கழற்ற வேண்டும். அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டினால், நல்ல என்ஜினின் டைமிங்கை நாமே கெடுத்ததாகிவிடும்.

கிளட்ச் இன்னும் நன்றாக இருந்தால், அதுவரை ஆயில் ஃபில்டரே உங்கள் காவலாள். கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது 8,000 கி.மீ.க்கு ஒரு முறை, எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரின் காகிதத்தை பிளேடால் வெட்டி, ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெள்ளைத் துணி மேல் துருத்தி மாதிரி விரித்து வெயிலில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் பளபளப்பான துகள் என்றால் இரும்பு, பேரிங் மேல் சந்தேகம் விழும். ஒட்டாத வெள்ளித் துகள் அலுமினியமாக இருக்கலாம். பிளாஸ்டிக் துணுக்குகள் செயின் கைடிலிருந்து வருபவை. இரும்புத் துகள் கணிசமாக இருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டக் கூடாது. துகள் ஆயில் பாதை முழுக்கப் பரவியிருக்கும், என்ஜினைப் பிரித்துக் கழுவியே ஆகவேண்டும்.

ஃபில்டரின் பிளாஸ்டிக் கிண்ணத்தைத் திரும்ப மாட்டும்போது டார்க் ரெஞ்சில் 25 நியூட்டன் மீட்டர் போதும். கையின் பலத்தை அங்கே காட்டினால் கிண்ணம் வெடிக்கும்.

கேள்வி: ஒரு வாரம் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. புது பேட்டரி போட்டும் அதே கதை. என்ன செய்வது?

பதில்: கார் அணைந்த பிறகும் ஏதோ ஒன்று கரண்டைத் தின்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லா கன்ட்ரோல் யூனிட்டும் தூங்கிய பின் 50 மில்லி ஆம்பியருக்குள் இழுப்பது இயல்பு. அது நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். 70 ஆம்பியர் அவர் பேட்டரி பாதியாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். அதே 400 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 9.6, நான்கு நாளைக்குள் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, சில மணி நேரம் விட்டு, வோல்டேஜ் பாருங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் நலம். 12.4 என்றால் முக்கால்வாசி. முழு சார்ஜுக்குப் பிறகும் அதைத் தாண்டாவிட்டால் பேட்டரியே போய்விட்டது.

பிறகு வேட்டை. பானட், கதவு, டிக்கி மூன்றின் பூட்டுக் கொக்கியையும் ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, மூடியது போல் காருக்குக் காட்டிவிடுங்கள். கதவைத் திரும்பச் சாத்தும் முன் கொக்கியைத் திறந்துவிட மறக்க வேண்டாம். ஃப்யூஸ் பெட்டியின் மூடியையும் கழற்றி வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு தூரமாகப் போய், 40 நிமிடம் காரைத் தொடாதீர்கள். அதன் பின் ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மல்டிமீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்துத் தொடுங்கள். சுழியம் காட்டினால் அந்த வழியில் கரண்ட் இல்லை. எண் காட்டும் ஃப்யூஸ்தான் குற்றவாளியின் வாசல். ஃப்யூஸைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்ப்பதை விட இது மேல். பிடுங்கித் திரும்பச் சொருகும்போது தூங்கிய யூனிட் விழித்துக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும்.

வழக்கமாக மாட்டுபவை: அணையாத டிக்கி விளக்கு, பின்னாளில் யாரோ பொருத்திய ஆம்ப்ளிஃபயர் அல்லது அலாரம், கதவுப் பூட்டுக்குள் தேய்ந்துபோன மைக்ரோ சுவிட்ச். எந்த ஃப்யூஸிலும் எதுவும் தெரியவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடைச் சந்தேகியுங்கள், அதன் தடித்த வயர் பெரும்பாலும் இந்த ஃப்யூஸ் பெட்டி வழியாகப் போவதில்லை. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பேட்டரி மெயின்டெய்னர் ஒன்றை மாட்டி வையுங்கள். வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிடுவது காருக்குக் கெடுதல்: அந்த ஐந்து நிமிடத்தில் பேட்டரி சரியாக சார்ஜ் ஆகாது, சூடேறாத ஆயிலில் நீரும் பெட்ரோலும் சேர்ந்துவிடும்.

கேள்வி: பிரேக் ஃப்ளூயிட் பார்க்க தெளிவாகத்தான் இருக்கிறது. அவசியம் மாற்ற வேண்டுமா?

பதில்: இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கட்டாயம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், கண்ணுக்குத் தெரியாது. டாட் 4 தரத்துக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஏறக்குறைய 3.7 சதவீதம் நீர் ஏறிவிட்டால் தரம் கேட்கும் குறைந்தபட்சம் வெறும் 155. வேகமாக வந்து தொடர்ந்து பிரேக் போடும்போது அந்தச் சூட்டை எட்டுவது பெரிய விஷயமில்லை. எட்டினால் குழாயில் ஆவி உண்டாகும், பெடல் பொத்தென்று கீழே போகும்.

பழைய காரில் பிளீட் செய்பவர்கள், அதாவது பெடலை மிதித்துப் பழைய ஃப்ளூயிட்டை வெளியேற்றுபவர்கள், ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் கடைசிப் பகுதிக்கு சீல் வழக்கமாகப் போவதே இல்லை. அங்கே அழுக்கும் துருவும் படிந்திருக்கும், சீல் அதில் உரசிக் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டால் கவலையில்லை.

கேள்வி: 2004 மெர்சிடிஸ் எஸ்.எல்., ஏ.பி.சி. (ஃப்ளூயிட் அழுத்தத்தால் பாடியைத் தாங்கும்) சஸ்பென்ஷன் உள்ளது. காலையில் பார்த்தால் ஒரு பக்கம் படுத்திருக்கிறது. தரையில் எண்ணெய் எதுவும் இல்லை.

பதில்: தரையில் சொட்டு இல்லை என்பதே நல்ல துப்பு. கசிவு உள்ளுக்குள் நடக்கிறது. வால்வு பிளாக்கின் சீல்கள் தேய்ந்து, ஸ்ட்ரட்டைத் தாங்க வேண்டிய ஃப்ளூயிட் டேங்குக்கே திரும்பிப் போகிறது. முன் சக்கரங்களுக்கு ஒரு பிளாக், பின்னுக்கு ஒன்று. எந்த மூலை இறங்குகிறதோ அந்தப் பக்கத்து பிளாக்கைப் பிரித்து ஓ-ரிங்குகளை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்ட்ரட்டை மாற்றச் சொன்னால் முதலில் வால்வு பிளாக்கைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

சீல் ஏன் தேய்ந்தது? அழுக்கான ஃப்ளூயிட்டால். இந்த அமைப்பு 200 பார் வரை அழுத்தத்தில் ஓடுவது, பொடித் துகள்கூட அங்கே உப்புத்தாள் வேலை செய்யும். அதனால் ரிப்பேரோடு ஃபில்டரை மாற்றி, ஃப்ளூயிட்டையும் தெளிவாக வரும்வரை மாற்றுங்கள். மெர்சிடிஸின் 344.0 தரம் கொண்ட பச்சை நிற ஃப்ளூயிட் மட்டுமே ஊற்ற வேண்டும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் ஆகாது. நைட்ரஜன் நிரப்பிய அக்யுமுலேட்டர்களுக்கும் ஆயுள் உண்டு. அவை செத்துப்போனால் பம்பின் துடிப்பை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் ஹோஸ் வெடிக்கும். சிவப்பு எச்சரிக்கை வந்த பிறகு ஓட்டாதீர்கள், ஃப்ளூயிட் இல்லாமல் சுற்றினால் பம்பும் போய்விடும்.

ஜாக்கியை மட்டும் நம்பி இந்தக் காருக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. அழுத்தம் விடுபட்டால் பாடி சட்டென்று இறங்கும். ஸ்டாண்ட் கொடுத்த பிறகே கைவையுங்கள்.

கேள்வி: ஃபெராரி 360 மொடேனா. டைமிங் பெல்ட் போட்டு ஐந்து ஆண்டு ஆகிறது, ஆனால் 4,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது.

பதில்: மாற்றுங்கள். இந்தக் காருக்கு பெல்ட் கணக்கு மூன்று ஆண்டு. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். முந்தைய 355-இல் இதற்கு என்ஜினையே இறக்க வேண்டும். 360-இல் சீட்டுக்குப் பின்னால் உள்ள மூடியைக் கழற்றினால் எட்டிவிடலாம், வேலை பாதிதான். டென்ஷனர் பேரிங்கை விட்டுவிட்டு பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள். அந்தப் பேரிங் இறுகினாலும் பெல்ட் போகும்.

கேள்வி: டேஷ்போர்டு பட்டன்கள் பிசுபிசுவென்று ஒட்டுகின்றன.

பதில்: மேலே பூசிய மென்மையான ரப்பர் பூச்சு ஈரத்தால் சிதைகிறது. பட்டனைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பூச்சை முழுக்கத் துடைத்து எடுத்துவிடுங்கள். பட்டனின் மேல் எழுத்து இருந்தால் அதுவும் அழியலாம், முதலில் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் புதிது போட்டும் ஆறே மாதத்தில் கிழிந்துவிட்டது. பாகம் போலியா?

பதில்: இருக்கலாம். ஆனால் அதைவிட அதிகம் நடப்பது, சக்கரங்கள் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்குவது. ரப்பர் புஷ்ஷின் நடுக் குழாய் இறுக்கிய நிலையிலேயே நின்றுவிடும். காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, ஓடும் நேரமெல்லாம் அந்த முறுக்கிலேயே இருக்கும். போல்ட்டைக் கைத்தளர்வாக விட்டு, கார் தன் எடையில் நின்ற பிறகு கடைசி இறுக்கு கொடுக்க வேண்டும். பிறகு அலைன்மென்ட்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் லேசாக பெட்ரோல் வாசனை வருகிறது. ஓடியதும் போய்விடுகிறது. விட்டுவிடலாமா?

பதில்: இந்தப் பகுதியில் வந்த கேள்விகளில் உடனே கவனிக்க வேண்டியது இதுதான். குளிர்ந்த நேரத்தில் இறுகிச் சுருங்கிய ஹோஸ் கிளாம்பு முனையில் கசியும், சூடேறினால் விரிந்து அடைத்துக்கொள்ளும். வாசனை போவதால் கசிவு தீர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இன்னும் வேகமாகக் கெடுக்கும்.

டார்ச் விளக்கோடு இன்ஜெக்டர் ரெயிலிலிருந்து டேங்க் வரை ஹோஸைத் தேடிப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றி, அழுத்தத்தை இறக்கிய பிறகு ஹோஸை லேசாக வளையுங்கள். மேலே நெளிநெளியாக வெடிப்பு தெரிந்தாலோ, வளையாமல் விறைத்து நின்றாலோ அதன் காலம் முடிந்தது. ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், மற்றவையும் அதே வயதுதான். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கு என்று குறிப்பிட்ட, எத்தனால் தாங்கும் ஹோஸையே வாங்க வேண்டும், கார்புரேட்டர் ஹோஸ் ஆகாது. ரப்பரை அறுக்கும் பல் வைத்த கிளாம்புக்குப் பதில், விளிம்பு மடித்த இன்ஜெக்‌ஷன் கிளாம்பு போடுங்கள். வேலை முடிந்ததும் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, பம்ப் ஓடி நின்றதும் ஒவ்வோர் இணைப்பையும் காகிதத் துண்டால் துடைத்துப் பாருங்கள். இதையே மூன்று முறை செய்து, காகிதம் காய்ந்தே இருந்தால் என்ஜினை ஸ்டார்ட் செய்யலாம்.