மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பும் அப்பாவுக்கு

அன்புள்ள ஐயா,

நீங்கள் ராணுவத்தில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான், படிப்பு சுமார். ராணுவத்தில் 4 வருடத்துக்கு எடுக்கிற அக்னிவீர் ஆகவேண்டும் என்கிறான். விண்ணப்பம் எல்லாம் நானே போடுகிறேன். எந்த அகாடமியில் சேர்க்கலாம்? 4 வருடம் கழித்து வேலை நிச்சயமா? சொன்னதைச் செய்தால் போதும் என்கிற இடம்தானே, சமாளித்துவிடுவான் இல்லையா?

ஒரு தந்தை, தருமபுரி

அன்புள்ள நண்பருக்கு,

அகாடமி பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஓட ஒரு மைதானம் இருந்தால் போதும். முழு மதிப்பெண் வேண்டுமென்றால் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் ஓடவேண்டும். வேலை நிச்சயமில்லை. 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்ச ரூபாயோடு வெளியே வரவேண்டியதுதான். தெரிந்தே சேரட்டும்.

உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் என்னால் தாண்டிப்போக முடியவில்லை. கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொன்னதைச் செய்தால் போதும் என்று உங்களுக்கு யார் சொன்னது? என்ன செய்யவேண்டும் என்று உத்தரவு வரும். எப்படி என்பது பெரும்பாலும் செய்கிறவன் பொறுப்பு. செக்‌ஷன் என்கிற சிறு குழுவை நடத்துகிற ஹவில்தார் அடிபட்டு விழுந்தால் அடுத்தவன் பொறுப்பெடுக்கவேண்டும். அவனும் விழுந்தால் அதற்கடுத்தவன். யாரிடம் போய்க் கேட்பான்?

பயிற்சிக் காலத்தில் வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்து எங்களை இரவில் நடக்கவிடுவார்கள். என்னோடு இருந்த ஒரு பையன் ஓட்டத்தில் எப்போதும் முதல் ஆள். அன்றும் எங்களுக்கு முன்னால் போனவன், ஓர் ஓடைக் கரையில் நின்றுவிட்டான். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஏன் நிற்கிறாய் என்று பயிற்சி தருகிற உஸ்தாத் கேட்டார். தாண்டச் சொல்லவில்லையே உஸ்தாத் என்றான். அவர் திட்டவில்லை. வீட்டில் யார் முடிவெடுப்பார்கள் என்று மட்டும் கேட்டார். அப்பா என்றான்.

அவன் மக்குப் பையன் கிடையாது. 18 வயது வரை ஒரு முடிவையும் எடுக்க அவனை யாரும் விடவில்லை, அவ்வளவுதான். பிறகு மெல்லக் கற்றுக்கொண்டான், நிறைய அவமானப்பட்டு.

நீங்கள் செய்வதும் இதேதான். விண்ணப்பத்தை நீங்கள் ஏன் போடுகிறீர்கள்? ஓடப்போவது அவன், போகப்போவது அவன். தப்பாகப் போட்டால் திருத்தட்டும். ரயில் டிக்கெட்டையும் அவனே எடுக்கட்டும். ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது பலகையும் கயிறும் பீப்பாயும் கொடுத்துத் தடைகளைத் தாண்டச் சொல்வார்கள். குழுவுக்குத் தலைவர் யார் என்று சொல்லமாட்டார்கள். யார் தானாக முன்வருகிறான் என்று பார்க்கத்தான்.

படிப்பு சுமார் என்று அவன் காதுபட இனிச் சொல்லாதீர்கள். 2025 முதல் அக்னிவீர் நுழைவுத்தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். சிப்பாயாகச் சேர்ந்து, டேராடூனில் ராணுவ கேடட் கல்லூரியில் படித்து அதிகாரி ஆனவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மகன் ஏன் ஆகக்கூடாது?

சரி, அடுத்த கடிதத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள். உங்களுக்கு நான் இனி பதில் போடுவதாக இல்லை. அவனுக்கு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுகிறேன்.