போர்க்கள சிமுலேட்டரை எடைபோடுவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சிமுலேட்டரை மதிப்பிடும்போது காட்சித் தரத்துக்கு எவ்வளவு மதிப்பெண் தரலாம்?

மிச்சமிருந்தால் கடைசியில் தாருங்கள். 1980களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான தார்பா உருவாக்கிய சிம்நெட் என்ற கணினிவழிப் போர்ப் பயிற்சிக் களத்தில் மரங்களும் மேடுகளும் பொம்மைப் படம்போலத்தான் இருந்தன. டாங்கிக்குள் பயிற்சிக்குத் தேவைப்படாத விசைகள் வெறும் படங்கள். பல டாங்கிக் குழுக்களை ஒரே களத்தில் இணைத்துச் சேர்ந்து போரிடப் பழக்குவதே நோக்கம். அதற்கு அது போதுமானதாக இருந்தது. எதைப் பழக்கப் போகிறோம் என்று எழுதி வைத்துக்கொள்ளாமல் செயல்விளக்கம் பார்க்கப் போனால், விற்பவர் காட்டும் புகையிலும் தீயிலும் மயங்கிவிடுவோம்.

கேள்வி: உள்ளே ஓடும் கணக்கு சரியா என்று எப்படிச் சோதிப்பது?

நடந்து முடிந்த சண்டை ஒன்றை ஏற்றிப் பாருங்கள். 1991 பிப்ரவரி 26 அன்று ஈராக் பாலைவனத்தில், மணற்காற்றுக்கு நடுவே, வரைபடக் கோடு ஒன்றின் பெயரால் அழைக்கப்படும் 73 ஈஸ்டிங் சண்டை நடந்தது. அமெரிக்கக் கேப்டன் மெக்மாஸ்டரின் படைப்பிரிவு 23 நிமிடங்களில் இருபதுக்கும் மேற்பட்ட ஈராக்கிய டாங்கிகளை அழித்தது. போர் முடிந்ததும் ஒரு குழு களத்துக்கே போனது, வீரர்களை விசாரித்தது, வானொலிப் பேச்சின் ஒலிப்பதிவுகளைக் கேட்டது. அவற்றைக் கொண்டு அந்தச் சண்டையைச் சிம்நெட்டில் மறுபடி கட்டியெழுப்பினார்கள்.

இதில் ஒரு சூது உண்டு. ஒரு சண்டைக்கு ஏற்றபடி எண்களைத் திருகிவிட்டுப் 'பொருந்துகிறது' என்று காட்டுவது எளிது. திருகுவதற்குப் பயன்படாத வேறொரு சண்டையை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவரின் குரல் அங்கேதான் இறங்கும்.

கேள்வி: பயிற்சிக்குச் சான்று பெற்ற சிமுலேட்டரையே போர்த் திட்டமிடலுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. சான்று ஒரு குறிப்பிட்ட பயன்பாட்டுக்குத்தான், மென்பொருளுக்கு அல்ல.

கேள்வி: சிமுலேட்டர் காட்டும் முடிவு மேலதிகாரிகளுக்குப் பிடிக்காவிட்டால்?

2002இல் அமெரிக்கா சுமார் 25 கோடி டாலர் செலவில் 'மில்லினியம் சேலஞ்ச்' ஒத்திகையை நடத்தியது. எதிரியாக விளையாடியவர் ஓய்வுபெற்ற மரைன் தளபதி பால் வான் ரைப்பர். வானொலியைத் தவிர்த்து மோட்டார் சைக்கிளில் செய்தி அனுப்பினார். ஏவுகணைகளாலும் சிறு படகுகளாலும் 16 கப்பல்களை மூழ்கடித்தார். நடத்தியவர்கள் கப்பல்களை மிதக்க வைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். மிச்சப் பயிற்சி வீணாகக் கூடாது என்று மிதக்க வைத்ததில் தவறில்லை. பிறகு எதிரியின் கையைக் கட்டிப்போட்டதுதான் தவறு. வான் ரைப்பர் பாதியில் ஒதுங்கிக்கொண்டார். விதியை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: வெவ்வேறு நிறுவனங்களின் சிமுலேட்டர்களை இணைக்க முடியுமா?

டிஐஎஸ், எச்எல்ஏ ஆகிய தரநிலைகள் அதற்காகவே இருக்கின்றன. ஆனால் நிலத்தரவும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் திரையில் தோப்பு இருக்கும் இடம் எதிரியின் திரையில் வெட்டவெளியாக இருந்தால், மறைந்திருக்கிறோம் என்ற நினைப்பிலேயே சுடப்படுவீர்கள்.