போர் நடக்கும் நாட்டில் 'அமைதி நாட்கள்' என்கிறார்களே, அது என்ன?

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக, சண்டையிடும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு சில நாட்கள் துப்பாக்கியைக் கீழே வைப்பதுதான் அமைதி நாட்கள்.

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1985இல் இது நடந்தது. ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் கேட்டுக்கொண்டது, கத்தோலிக்கத் திருச்சபை நடுவில் நின்று பேசியது. அரசும் அதை எதிர்த்துப் போரிட்ட கெரில்லாக்களும் மூன்று நாட்கள் சண்டையை நிறுத்தினார்கள். தொடர்ந்து மூன்று நாட்கள் அல்ல, இடைவெளி விட்டு. போலியோ போன்றவற்றுக்கு ஒரு தவணை மட்டும் போதாதே! போர் முடியும்வரை ஆண்டுதோறும் இது தொடர்ந்தது. 1990களில் இலங்கையிலும் போலியோ சொட்டு மருந்துக்காக இரு தரப்பும் இப்படிச் சண்டையை நிறுத்தின.

சரி, எதிரிகள் ஏன் ஒப்புக்கொள்கிறார்கள்? கிருமிக்குப் போர்முனைக் கோடு தெரியாது. அந்தப் பக்கத்துக் குழந்தைக்கு ஊசி போடாமல் விட்டால், நோய் இந்தப் பக்கமும் வரும். அதோடு, யாரும் தோற்றதாக ஆகாத உடன்பாடு இது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது.

வரப்புத் தகராறில் பல வருடம் பேசாத அண்ணனும் தம்பியும், அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தால் முறை வைத்துப் பார்த்துக்கொள்வதில்லையா? வழக்கு அப்படியே இருக்கும். ஆனால் 'மாத்திரை கொடுத்தாச்சா?' என்று கேட்டாக வேண்டும். பேச்சு அங்கே தொடங்குகிறது.

அமைதி நாள் வந்தால் போரே முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, எல் சால்வடாரில் சமாதான ஒப்பந்தம் 1992 ஜனவரியில்தான் கையெழுத்தானது.