தோல்வியில் கழிந்த பத்தாண்டு

கேள்வி: பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியின் சிவப்புச் சாயமிட்ட முடியும் முகப்பூச்சும் பளபளக்கும் உடையும் 1972இல் இசைத்தட்டு விற்பதற்காக ஒரு மேலாளர் மாட்டிவிட்ட வேடம்தானே? அறுபதுகளின் பிரிட்டிஷ் இளைஞர் பண்பாடு அவரை உருவாக்கியது என்று உங்கள் இதழில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பத்தாண்டில் அவர் பெரும்பாலும் தோற்றுக்கொண்டே இருந்தார். தன்னை ஏற்காத காலத்தால் ஒருவர் எப்படி உருவாக முடியும்?

ஆசிரியர் பதில்: உங்கள் கேள்வியின் முற்பாதி தவறு, பிற்பாதியிலேயே அதற்கான பதிலும் இருக்கிறது. மேலாளர் டோனி டிஃப்ரீஸ் போவிக்காகத் தாராளமாகச் செலவழித்தார், புகழ் வருவதற்கு முன்பே பெரும் நட்சத்திரத்துக்குரிய மரியாதையை எல்லோரிடமும் கேட்டு வாங்கினார் என்பது உண்மை. ஆனால் அவர் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1964 நவம்பரில், டேவிட் ஜோன்ஸ் என்னும் இயற்பெயரோடு இருந்த பதினேழு வயதுப் பையன் பிபிசியின் 'டுநைட்' நிகழ்ச்சியில் நீண்ட முடியோடு அமர்ந்து, தெருவில் கேலிக்கு ஆளாகும் நீள்முடி ஆண்களைப் பாதுகாக்கும் சங்கம் ஒன்றின் சார்பில் பேசினார். சங்கம் என்று சொல்லும்படி அங்கே எதுவும் இல்லை; பார்ப்பவர்களின் கவனத்தைப் பெறுவதே நோக்கம். தோற்றத்தைக் கொண்டே ஒரு நாட்டைத் திரும்பிப் பார்க்க வைக்கலாம் என்பதை அந்த வயதில் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவரைச் சுற்றியிருந்த பதின்வயதினர்.

அவர் பிறந்தது 1947 ஜனவரியில், தென் லண்டனின் பிரிக்ஸ்டனில்; வளர்ந்தது புறநகரான பிராம்லியில். பிரிட்டனின் கட்டாய இராணுவச் சேவைக்கு ஆளெடுப்பது 1960இன் முடிவோடு நின்றது. அவருடைய தலைமுறைக்குச் சற்று முன்பிருந்த ஆண்கள் பதினெட்டு வயதில் முடி வெட்டப்பட்டுச் சீருடைக்குள் தள்ளப்பட்டார்கள். இவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் சொந்தமாகக் கிடைத்தன. பள்ளியை விட்ட உடனே வேலை கிடைத்தது, கையில் காசு இருந்தது, தவணையில் கிட்டார் வாங்க முடிந்தது. சீருடையிலிருந்து தப்பிய முதல் தலைமுறை தனக்கெனச் சீருடைகளைத் தானே தைத்துக்கொள்ளத் தொடங்கியது என்பதை நினைவில் வைக்காமல் அறுபதுகளைப் புரிந்துகொள்ள முடியாது. பத்து வயது மூத்த, தாய்வழி அண்ணன் டெர்ரி லண்டன் நகருக்குள் இருந்து ஜாஸ் இசையையும் அமெரிக்க 'பீட்' எழுத்தாளர்களின் நூல்களையும் வீட்டுக்குள் கொண்டுவந்தார். தம்பி சாக்சபோன் கேட்டார், வாங்கிக் கொடுத்தார்கள். ரோனி ராஸ் என்ற ஜாஸ் கலைஞரிடம் சில பாடங்கள் கற்றார். 1963இல் பள்ளியை விட்டு ஒரு விளம்பர நிறுவனத்தில் கீழ்நிலை வேலையில் சேர்ந்தார், அதையும் விரைவில் விட்டார்.

இந்த இடத்தில்தான், நேர்த்தியான உடையையே அடையாளமாகக் கொண்ட 'மாட்' என்ற இளைஞர் கூட்டத்தைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும், ஏனெனில் போவியிடம் நீங்கள் காணும் பகட்டின் வேர் அங்கே இருக்கிறது. கடற்கரை ஊர்களில் 1964இல் நடந்த அடிதடிகளை வைத்தே அவர்களை நினைவுகூர்வது பத்திரிகைகள் உண்டாக்கிய பழக்கம். அவர்களுடைய உண்மையான சாதனை வேறு: உழைக்கும் வர்க்கத்துப் பையன் கண்ணாடி முன் நிற்பதையும், கோட்டின் பிளவு எத்தனை அங்குலம் என்று கவலைப்படுவதையும், சில சமயம் கண்ணுக்கு மை இடுவதையும் அவர்கள் ஆண்மைக்குக் குறைவு என்ற நிலையிலிருந்து நண்பர்களிடையே மதிப்புத் தரும் போட்டியாக மாற்றினார்கள். அந்தப் போட்டிக்கு ஒரு கடுமையான விதி இருந்தது. எல்லோரும் அணியத் தொடங்கிவிட்ட ஒன்றை முன்னோடி அன்றே கைவிட வேண்டும். பின்னாளில் மார்க் போலன் என்ற பாடகராகப் புகழ்பெற்ற மார்க் ஃபெல்ட் பதினான்கு வயதில், 1962இல், 'டவுன்' இதழில் இத்தகைய உடைப் பித்தராகப் படத்தோடு இடம்பெற்றார். போலனும் போவியும் ஒரே மேலாளரிடம் இருந்தபோது நண்பர்கள் ஆனார்கள். லண்டனின் கார்னபி தெரு உடைக் கடைகள் வெளியே எறிந்த துணிகளைக் கிளறி இருவரும் உடை தேடியதைப் போவி பிற்காலத்தில் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். 1971இல் கண்ணுக்குக் கீழே மினுக்குப் பொடியோடு தொலைக்காட்சியில் தோன்றிய போலனும், 1972இல் அதைவிடத் தூரம் சென்ற போவியும் அதே தெருவில் உடைக்காக அலைந்த இரண்டு பையன்கள் என்பதைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியாது.

இனி, தோல்விக்கு வருவோம். கிங் பீஸ், மேனிஷ் பாய்ஸ், லோயர் தேர்ட், பஸ் என்று குழு மாறிக்கொண்டே இருந்தார். முதல் இரண்டும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ரிதம் அண்ட் புளூஸை நகலெடுத்தன. லோயர் தேர்ட் 'த ஹூ' என்ற ராக் குழுவின் வழியில் சென்றது. 1967இல் வந்த முதல் இசைத்தொகுப்பு விற்கவில்லை. 1964இலேயே வென்றிருந்தால் அவர் நீள்முடி வைத்த புளூஸ் பாடகராக நின்றிருப்பார், ரசிகர்களும் அவரை வேறொன்றாக மாற விட்டிருக்கமாட்டார்கள். எந்த வாசலும் திறக்காததால், அந்தப் பத்தாண்டின் இளைஞர்கள் கூடிய ஏறக்குறைய எல்லா முற்றங்களிலும் அவர் நின்று பார்க்க நேர்ந்தது. வென்றவர்களுக்குக் கிடைக்காத கல்வி அது. கற்ற எதையும் அவர் தூக்கி எறியவும் இல்லை. அவருடைய மேலாளர் கென் பிட் 1966இன் இறுதியில் நியூயார்க்கிலிருந்து அந்நகரின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழுவின் வெளிவராத ஒலிப்பதிவைக் கொண்டுவந்தபோது, பிரிட்டனில் அதைக் கேட்ட மிகச் சிலரில் ஒருவர் போவி. 1972இல் அக்குழுவில் பாடியிருந்த லூ ரீடுக்குத் தன் கிட்டார் கலைஞர் மிக் ரான்சனோடு சேர்ந்து அவர் தயாரித்துக் கொடுத்த தொகுப்பில், மறக்க முடியாத ஒரு சாக்சபோன் பகுதியை வாசித்தவர் அதே ரோனி ராஸ்.

இத்தனைக்கும் நடுவே, 1967இல் அவர் லிண்ட்சே கெம்ப் என்ற நடனக் கலைஞரிடம் சேர்ந்ததை ஒரு வரியில் கடந்துவிடக் கூடாது. கெம்ப் கற்றுக்கொடுத்தது பேச்சில்லா நடிப்பு; ஆனால் அவர் வழியாகப் போவிக்குக் கிடைத்தது அதைவிடப் பெரிது. மாட் பையனுக்கு உடை என்பது 'நான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்' என்ற அறிவிப்பு. கெம்பின் மேடையில் உடை என்பது இன்னொரு மனிதராக ஆவதற்கான வழி. வெள்ளைப் பூச்சு பூசிய முகத்துக்கு ஆண், பெண் என்ற கட்டாயம் இல்லை. கை எழும் வேகத்தைக் குறைத்தாலே அரங்கம் அமைதியாகும். ஜப்பானிய கபுகி நாடக மரபின் மீதான ஈர்ப்பும் அங்கேயே வளர்ந்தது. ஆக, உடையில் போட்டியிடும் தெருவின் பழக்கமும் உடையால் வேறொருவராகும் மேடையின் பயிற்சியும் ஒரே உடலில் சேர்ந்தன. 1972 ஆகஸ்டில் லண்டன் ரெயின்போ அரங்கில் தன் நிகழ்ச்சியைப் போவி நடத்தியபோது அவரோடு மேடையேறியவர் கெம்ப்.

ஹிப்பிக் காலம் அவருக்கு ஒரே ஒரு வெற்றியைத் தந்தது. 1969 ஜூலையில், நிலவில் மனிதன் இறங்குவதற்குச் சில நாட்கள் முன்பு வெளிவந்த 'ஸ்பேஸ் ஆடிட்டி' பிரிட்டிஷ் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. அதே ஆண்டில் பெக்கனம் பகுதியின் ஒரு மதுக்கடைப் பின்னறையில் நண்பர்களோடு 'ஆர்ட்ஸ் லேப்' என்ற கலைக்கூடத்தை நடத்தினார். ஆகஸ்டில் திறந்தவெளி இலவச விழாவும் நடந்தது. அந்தச் சூழலை அவர் உண்மையாக நேசித்தார் என்றே நினைக்கிறேன். எனினும் அங்கே ஒரு புதிய கண்டிப்பு உருவாகியிருந்தது: மேடையில் தோன்றுபவர் வேடமில்லாமல், ஜீன்ஸ் அணிந்து, தன் உள்ளத்தைத் திறந்து காட்டுபவராக இருக்க வேண்டும், ஒப்பனை பொய்யாகக் கருதப்பட்டது. 1970 பிப்ரவரியில் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் அவரும் குழுவினரும் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக உடுத்தி வாசித்தபோது கூட்டம் பொருட்படுத்தவில்லை. ஆடம்பரம் விற்கும் என்று கணக்குப் போட்டவர் அன்றே அதை மூட்டை கட்டியிருப்பார். போவி அதன்பின் ஆண்களுக்கென மைக்கேல் ஃபிஷ் தைத்த நீள் அங்கியை அணிந்து ஒரு தொகுப்பின் அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டார்.

அப்படியானால் 1970இல் தோற்றது 1972இல் வென்றது எப்படி? பார்ப்பவர்கள் மாறியிருந்தார்கள். அறுபதுகளின் அண்ணன்களும் அக்காக்களும் தத்துவம் பேசிக்கொண்டிருந்தபோது, அவர்களுக்குப் பின் பிறந்த பன்னிரண்டு, பதின்மூன்று வயதினருக்கெனச் சொந்தமாக எதுவும் இருக்கவில்லை. அவர்கள் வந்துசேர்ந்தபோது விருந்து முடிந்திருந்தது. 1967இன் சட்டத் திருத்தம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடையிலான தன்பால் உறவைத் தனிமையில் மட்டும் குற்றமல்ல என்று ஆக்கியிருந்ததே தவிர, பள்ளி முற்றத்தில் மென்மையான பையன் அடி வாங்குவது நிற்கவில்லை. 1972 ஜனவரியில் 'மெலடி மேக்கர்' என்ற இசை இதழுக்குப் போவி தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று சொன்னதையும், பின்னர் அதை வெவ்வேறு விதமாக விளக்கியதையும் வைத்து அவருடைய நேர்மையை எடைபோடலாம். நான் அதைவிட அந்தச் சொற்களைப் படித்த சிறுவர்களைப் பற்றியே கவலைப்படுகிறேன். 1972 ஜூலை 6 அன்று பிபிசி தொலைக்காட்சியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' இசை நிகழ்ச்சியில் 'ஸ்டார்மேன்' பாடும்போது பல வண்ண உடையில் நின்ற அவர் ரான்சனின் தோளில் இயல்பாகக் கை போட்டார். பிபிசியின் முதல் அலைவரிசை வண்ணத்துக்கு மாறி மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான் இருந்தது. ஆனாலும் அந்தக் கையை எல்லோரும் பார்த்தார்கள்.

காலமே எல்லாவற்றையும் செய்தது என்று நான் சொல்லவில்லை. அதே பிராம்லியில் அதே ஆண்டில் பிறந்த மற்றப் பையன்கள் போவி ஆகவில்லை. பாடல் எழுதும் திறனை எந்த இளைஞர் கூட்டமும் யாருக்கும் வழங்குவதில்லை. மேலும், நன்றி சொல்லப்பட வேண்டியவர்கள் பலர் பின்னுக்குப் போயிருக்கிறார்கள். அவருடைய உடைகளைத் தைத்த ஃப்ரெடி புரெட்டியைப் போவியும் மனைவி ஏஞ்சியும் சந்தித்தது கென்சிங்டனில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடிய சோம்ப்ரேரோ நடன விடுதியில். அந்தப் புகழ்பெற்ற முடியை வெட்டிச் சாயமிட்டவர் சூசி ஃபசி என்ற இளம் சிகை அலங்காரக் கலைஞர். பெயர் பெற்ற வடிவமைப்பாளர்கள் இவர்களுக்குப் பிறகே வந்தார்கள். சட்டத்தின் விளிம்பில் வாழ்ந்த அந்த விடுதி இளைஞர்களின் துணிச்சலைப் போவி நாடறிய அணிந்துகொண்டார் என்பதையும், அடி வாங்கும் ஆபத்து அவரைவிட அவர்களுக்கே அதிகம் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேலாளர் மாட்டிவிட்ட வேடம் என்ற உங்கள் சொல்லுக்கு ஒரு கடைசிச் சான்று. 1973 ஜூலை 3 அன்று, லண்டனின் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில், சிவப்பு முடியோடு அவர் மேடையில் ஏற்றிருந்த ஜிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற கற்பனைப் பாத்திரத்தின் புகழ் உச்சத்தில் இருந்தபோது, இதுவே தங்கள் கடைசி நிகழ்ச்சி என்று போவி மேடையிலேயே அறிவித்தார். உடன் வாசித்தவர்களில் சிலருக்கே அது அதிர்ச்சியாக இருந்தது. பணக் கணக்குகளும் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தன. ஆனால் அன்று அரங்கில் அவரைப் போலவே முடி வெட்டி, முகத்தில் மின்னல் வரைந்து ரசிகர்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் அணியத் தொடங்கிவிட்டதை முன்னோடி கைவிட வேண்டும் என்ற விதியை அவர் 1963இலேயே தெருவில் கற்றிருந்தார்.