எட்டு வயது மகன் ஷட்டிலில் தோற்றால் அழுகிறான், ஸ்கோர் எண்ணாமல் ஆட விடலாமா?

ஸ்கோரை நிறுத்த வேண்டாம். நீங்கள் எண்ணாவிட்டாலும் அவன் மனசுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருப்பான். டோர்னமென்ட்டை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். நார்வேயில் விதியே கிட்டத்தட்ட இப்படித்தான்: சின்னப் பிள்ளைகள் உள்ளூர்ப் போட்டிகளில் ஆடலாம், ஆனால் 11 வயதாகும் ஆண்டு வரை தரவரிசைப் பட்டியல் கிடையாது, 13 வரை தேசிய சாம்பியன்ஷிப்பும் கிடையாது.

தோற்றதைவிட, தோற்ற பிறகு நடப்பதுதான் பெரும்பாலும் அழ வைக்கும். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பையனோடு ஆட விட்டுவிட்டு, கோர்ட் ஓரத்தில் நிற்காமல் டீ குடிக்கப் போய்விடுங்கள். அழுதானா என்று அப்புறம் விசாரியுங்கள். அழவில்லை என்றால், வண்டியில் வீடு திரும்பும்போது நீங்கள் கேட்கிற "ஏன்டா அந்த சர்வீஸை நெட்ல அடிச்ச?"தான் காரணமாக இருக்கும். (எல்லா அப்பாக்களும் கேட்பதுதான்.)

அங்கேயும் அழுதால் 21 வேண்டாம், 11 பாயின்ட் கேம் வையுங்கள். எதிரில் பலமான பையன் என்றால் இவனுக்கு 5 பாயின்ட் முன்கூட்டியே கொடுங்கள். ஆட்டம் கடைசி வரை இழுக்கும்.

ஒன்று மட்டும்: மேட்ச் அன்று காலையில் வயிற்றுவலி, முந்தின இரவு தூக்கமில்லை என்று தொடர்ந்தால் இதெல்லாம் போதாது. போட்டியை முழுசாக விட்டுவிட்டு, குழந்தைகள் டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள்.