மியூ என்ற கிரேக்க எழுத்து எங்கெல்லாம் குறியீடாக வருகிறது? மருந்துச் சீட்டில் அதைத் தவிர்க்கச் சொல்வது ஏன்?

கிரேக்க நெடுங்கணக்கில் 12ஆவது எழுத்து மியூ; எண்ணாக அதன் மதிப்பு 40. பள்ளி இயற்பியலில் உராய்வுக் கெழுவாக அறிமுகமாகும். காந்த உட்புகுதிறனுக்கும் அதே எழுத்துதான். புள்ளியியலில் முழுத்தொகுதியின் சராசரி. 1936இல் கண்டறியப்பட்ட மியூவான் துகளின் பெயரிலும் இருக்கிறது. எது எங்கே என்பதை இடத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அதிகம் புழங்குவது அளவீட்டில்: மைக்ரோ, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கை 1967 வரை மைக்ரான் என்று அதிகாரபூர்வமாகவே அழைத்தார்கள், இன்று மைக்ரோமீட்டர். பிளாஸ்டிக் பை விற்பவர்கள் மட்டும் மைக்ரானை விடுவதாக இல்லை. குறியீட்டில் எப்போதும் சிறிய எழுத்துதான். பெரிய மியூ அச்சு அசலாக ஆங்கில எம் போலவே இருக்கும். அந்த எம்மோ மெகா, பத்து லட்சம் மடங்கு!

மருந்துக்கு வருவோம். அவசரக் கையெழுத்தில் மியூவின் முன்வால் தேய்ந்தால் மில்லியைக் குறிக்கும் சிறிய எம் ஆகிவிடும். மைக்ரோகிராம் மில்லிகிராமாக வாசிக்கப்பட்டால் 1000 மடங்கு கூடுதல். தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம், 100 மைக்ரோகிராம் என்றுதான் வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் அட்டைகளில் மைக்ரோகிராமுக்கு எம், சி, ஜி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் போடுகிறார்கள். முழுச் சொல்லாகவே எழுதுவது இன்னும் நல்லது என்பேன்.

கணினியிலும் ஒரு சிக்கல் உண்டு. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு தரத்தில் மைக்ரோ குறிக்கு 181, கிரேக்க மியூவுக்கு 956 என இரு தனி எண்கள். பார்வைக்கு ஒன்றுதான், ஒன்றைத் தேடினால் மற்றது சில மென்பொருள்களில் அகப்படாது.